ஜம்பர் பாயும் கோவளத்துச் சின்னப்பனும்

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை எத்தனையோ கம்ப்யூட்டர் மெக்கானிக்குகளைப் பார்த்துவிட்டேன். வேலை கொடுக்க வந்தவனையே நிற்கவைத்துத் திட்டுவதில் ஜம்பர் பாயின் கால் தூசிக்கு ஒருவரும் ஈடாக மாட்டார்கள். இருபது வருஷம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அவருடைய உண்மைப் பெயர் எங்கள் ஆபீசில் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் சாமான்களின் பின்னால் ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளில் இரண்டைச் சேர்த்து, அரிசி அளவில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி மாட்டுவார்கள். அதற்கு ஜம்பர் என்று பெயர். உலகத்தில் உள்ள சகல கோளாறுக்கும் அந்தத் தொப்பி இடம் மாறி உட்கார்ந்திருப்பதுதான் காரணம் என்பது பாயின் கட்சி. கேம்ப் ரோட்டில் பஸ் நின்றுபோனால் டிரைவரிடம் போய், "ஜம்பர பாத்தியா?" என்று கேட்பார். ஜம்பர் என்றால் ரவிக்கை என்று மட்டுமே அறிந்த என் அம்மா, அவரைத் தையல்காரர் என்று நினைத்து ஒருநாள் அளவு ரவிக்கையை நீட்டிவிட்டாள். அதற்கும் நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்போது நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பேக்கரி மாடியில், குக்கர் கைப்பிடிக்கு அச்சு வரையும் ஆபீசில் வேலை பார்த்தேன். வரைவதற்கு எங்களிடம் இருந்தது ஒர்க்ஸ்டேஷன் என்கிற ஒரே ஒரு பழைய பெரிய கம்ப்யூட்டர். ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி கழித்துப்போட்ட பெட்டி. ஒரு வியாழக்கிழமை கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் அது எழுந்திருக்க மறுத்தது. அதை எழுப்ப வேண்டுமானால் கூடவே வந்த சி.டி.யைப் போட வேண்டும். சி.டி. டிரைவோ அதற்கு முந்தின மாதமே செத்துப்போயிருந்தது.

முதலாளி வந்து பார்த்தார். "திங்கக்கிழமை பத்து மணிக்கு இது ஓடணும். இல்லேன்னா டிராயிங் செக்‌ஷனையே மூடிடறேன், வெளியில குடுத்து வரைஞ்சுக்கறேன்" என்றார். டிராயிங் செக்‌ஷன் என்றால் நான்தான். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். கம்ப்யூட்டரில் டிசைன் செய்யும் மாப்பிள்ளை என்று சொல்லித்தான் பெண் கேட்டிருந்தோம்.

கடைக்கு ஓடிப் பளபளவென்று புது டிரைவ் வாங்கி வந்தேன். மெஷினைப் பார்க்க ஆபீசுக்கு வந்திருந்த பாய் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"இன்னா இது?"

"சி.டி. டிரைவ் பாய். லேட்டஸ்ட்."

"சைக்கிள் டயர வாங்கியாந்து லாரில மாட்டுன்றியா? ஓட்டை வேற, ஒயர் வேற. கண்ணு பின்னாலயா கீது உனக்கு?"

மறுபடியும் அலைந்து, ஓட்டையும் ஒயரும் பொருந்துகிற பழைய டிரைவ் ஒன்றைப் பிடித்தேன். அதற்குள் பாய் உறவுக்காரர் வீட்டு நிக்காஹுக்கு ஊருக்குப் போய்விட்டார். நானே மாட்டினேன். விளக்கு எரிந்தது, தட்டு அழகாக வெளியே வந்து உள்ளே போனது. மெஷின் மட்டும் சி.டி.யைத் தொட்டதும் "படிக்க முடியவில்லை" என்று நின்றுவிட்டது. நாற்பது தடவை முயன்றேன், நாற்பது தடவையும் அதே பதில்.

சனிக்கிழமை பாயின் செல்போனுக்கு அடித்தேன். போனில் ஏழு வார்த்தைக்கு மேல் பேசினால் காது கெட்டுவிடும் என்று நம்புகிற மனுஷன். பின்னால் பந்திச் சத்தம். நான் விவரத்தைச் சொல்லி முடித்ததும் கத்தினார்: "கோவளத்து சின்னப்பன்! எல்லாம் சரியாப்பூடும்!" அவ்வளவுதான், கட். அதற்குப் பிறகு அடித்தால் சுவிட்ச் ஆஃப்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவைத் துண்டில் சுற்றிக்கொண்டு கேளம்பாக்கம் போய், அங்கே பஸ் மாறிக் கோவளத்தில் இறங்கினேன். மணலில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூடையோடு நின்ற ஒரு அக்காவிடம் கேட்டேன்.

"எந்த சின்னப்பன்? போட்டு சின்னப்பனா, ஐஸு சின்னப்பனா, ஓடிப்போன சின்னப்பனா?"

"சி.டி. டிரைவ் ரிப்பேர் பண்றவர், அக்கா."

"அப்பிடின்னா ஐஸு. அவந்தான் பொட்டி பொட்டியா வெச்சிகினு கீறான்."

ஐஸ் சின்னப்பன் நல்ல மனிதர். ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு டிரைவை வாங்கினார். தட்டை இழுத்தார், தள்ளினார், முகர்ந்துகூடப் பார்த்தார். "நல்லாத்தான் சார் கீது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அவ்வளவு தூரம் வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று ஒரு வஞ்சிரத் துண்டையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குப் பாய் படியேறி வந்தார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றார். நான் கோவளம் போய்வந்த கதையைச் சொன்னேன். பாயின் முகம் சிவந்தது, அப்புறம் கறுத்தது.

"கவளத்த சின்னது பண்ணுன்னேன்டா! க-வ-ளம்! சோத்துக் கவளம்! இந்த டிரைவு ஒரு வாய்க்கு ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு எழுத்து உடும். இந்தக் கெயவி மெஷினுக்கு ஐநூத்திப் பன்னெண்டுதான் உள்ள எறங்கும். தொண்டைல அடைச்சிகினு முயிக்குது. ஒரே ஒரு ஜம்பரு! அத்த மாத்தறதுக்குக் கடலுக்குப் போய்கீறியே, பேஜார் புடிச்சவனே!"

மேல்சட்டைப் பையிலிருந்து ஓர் அத்தர் குப்பியை எடுத்துக் கவிழ்த்தார். உள்ளே முழுக்க ஜம்பர்கள். ஒன்றைக் குறடால் பிடித்து டிரைவின் பின்னால் செருகினார். சி.டி. சுழலும் சத்தம் கேட்டது. திரையில் வரிவரியாக எழுத்து ஓடியது. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது என் குக்கர் கைப்பிடி கண்முன்னே வந்து நின்றது. முதலாளி தன் அறைக்குப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாயோ, "டிரைவு முச்சூடும் மீன் நாத்தம்டா" என்று திட்டிக்கொண்டே படியிறங்கினார்.

கல்யாணம் நடந்தது. பாய் வந்தார். மைக் செட் கீச்சிட்டபோது, மேடையில் என்னை வாழ்த்துவதை விட்டுவிட்டு மைக் செட்காரரிடம் ஜம்பர் பற்றி விசாரிக்கப் போனார். வாழ்த்து இன்றுவரை பாக்கி நிற்கிறது.

ஒரு வருஷம் கழித்து அவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, வலது கையில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டார். வீட்டம்மா மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று காலையிலிருந்து பட்டினியாக உட்கார்ந்திருந்தார், பிடிவாதக்காரர். பார்க்கப் போன நானே தட்டில் பருப்புச் சோறு பிசைந்து ஒரு வாய் ஊட்டினேன். கண்ணை உருட்டி, மென்று விழுங்கிவிட்டு ஆரம்பித்தார்.

"இன்னாடா, ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு உட்ற? ஐநூத்திப் பன்னெண்டு உடு. அன்னிக்கி அவ்ளோ சொன்னேனே, மண்டைல ஏறல?"

"வாய மூடிட்டு சாப்பிடுங்க பாய்" என்று, பழகிய காலத்தில் முதல்முறையாக அவரைத் திட்டினேன். அடுத்த கவளத்தைச் சின்னதாக உருட்டினேன். மறுபேச்சில்லாமல் வாயைத் திறந்தார். என்னை அத்தனை திட்டிய அந்த வாயின்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அப்போதுதான் தெரிந்தது.