எங்கள் வீடு உங்கள் வீடு

இந்தக் கோடையிலும் மலைக்குப் போவதில்லை என்று ஈரஜ் முடிவெடுத்தார். முப்பத்தோரு வருடமாக எடுத்து வருகிற முடிவுதான். இந்த முறை கைவசம் ஒரு திட்டமும் இருந்தது.

ராம்சரில் அவர் வீட்டு முகப்பில் நின்றால் காஸ்பியன் கடல். சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை. நடுவில் ஊர் என்று பேருக்கு ஒரு கோடு. புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்து மலைகளின் உயரமெல்லாம் அவருக்கு மனப்பாடம். எந்த மலையிலும் காரில் ஏற மட்டும் ஆகாது. இரண்டாவது வளைவில் தலை சுற்றும், மூன்றாவதில் வயிறு, நாலாவதில் மொத்த வாழ்க்கையும் சுற்றும். இதை அவர் மனைவியிடம் சொன்னதில்லை. புவியியலுக்கு என்று ஒரு கௌரவம் இருக்கிறதே.

மஹ்லகாவுக்கோ வருடம் தவறாமல் ஒரே ஆசை. மேலே ஜவாஹெர்தே கிராமத்தில், கல்யாணமான புதிதில் ஒரு வாரம் தங்கிய அறை.

"அந்தத் தகரக் கூரை ஞாபகம் இருக்கா? மழை பெஞ்சா ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காது. நீங்க ஒரு வாரம் பாடமே நடத்தாம இருந்தது அப்பதான்."

"ஆமா, வாசல்ல வால்நட் மரம். நீ பச்சை முக்காடு போட்டிருந்த." இது உண்மையாகவே அவருக்கு ஞாபகம் இருந்தது. குரல்கூடக் கொஞ்சம் இளகியது. "இந்த வருஷம் கட்டாயம் போறோம், மஹ்லகா ஜான். விருந்தாளி யாரும் வராம இருந்தா."

வரவழைக்காமல் விடுவாரா? மறுநாளே டெஹ்ரானில் இருக்கும் மைத்துனன் ஹூஷங்குக்கு ரகசியமாகப் போன் போட்டார்.

"குடும்பத்தோட வந்து ஒரு வாரம் இருந்துட்டுப் போப்பா."

"உங்களுக்கு எதுக்கு அத்தான் சிரமம்," என்று ஹூஷங் முறைப்படி இரண்டு தடவை மறுத்தான். மூன்றாவது தடவை, எந்தத் தேதியில் கிளம்புவது என்று கேட்டான்.

விருந்தாளியை வீட்டில் வைத்துக்கொண்டு வெளியே தங்குகிற பெண் அந்தக் கரையில் இன்னும் பிறக்கவில்லை. வந்தவர்களை வெந்நீர் ஊற்றில் ஊற வைக்கலாம். அரண்மனைத் தோட்டத்தில் போட்டோ எடுக்கலாம். ரோப் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, கீழே பெஞ்சில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் சமதரை. ஈரஜுக்குத் தன் மூளையை நினைத்தே பெருமையாக இருந்தது.

ஹூஷங், அவன் மனைவி தூபா, இரண்டு பெண்கள் எல்லோரும் வந்து இறங்கினார்கள். மஹ்லகா தேநீர் கொடுத்தாள். சர்க்கரைக்கட்டி கரைவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"இருக்கறதே ஒரு படுக்கையறை, ஹூஷங். நீங்க வசதியா இருங்க. நானும் அத்தானும் ஜவாஹெர்தேல போய்த் தங்கிக்கறோம்."

"நல்லா இருக்குக்கா, வீட்டுக்காரரை விரட்டிட்டு நாங்க இருக்கறதா?"

எல்லோரும் ஈரஜைப் பார்த்தார்கள். ஒரு ஈரானியனை அப்படிப் பார்த்தால் நாக்கு மூளையைக் கேட்காது.

"இதென்ன பேச்சு? எங்க வீடு உங்க வீடு."

"வேணாம் அத்தான். நாங்க கூடத்துல படுத்துக்கறோம்."

'சரி' என்று சொன்னால் பிழைத்தார். ஆனால் விருந்தாளியைத் தரையில் படுக்கச் சொன்னவனுக்கு நாளைக்குக் கடைத்தெருவில் யார் சலாம் வைப்பார்கள்?

"கூடத்துலயா? என் பொணத்தைத் தாண்டிப் போய்ப் படு."

"அப்ப ஹோட்டலுக்குப் போறோம்."

"நான் உயிரோட இருக்கும்போதா? இந்தா, சாவியைப் பிடி." குரல் தழுதழுத்தது. பாசம் என்று தூபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு தடவை மறுத்துவிடப்பா என்று ஈரஜ் கண்ணாலேயே கெஞ்சினார்.

ஹூஷங் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இதுக்கு மேல மறுத்தா மரியாதை இல்ல."

"அண்ணி போன வாரமே சொன்னாங்கண்ணே," என்றாள் தூபா, அப்பாவியாக. "அத்தான் போன் பண்ணுவாரு, வரேன்னு சொல்லிடுங்க, சாவி குடுத்தா மூணாவது தடவைல வாங்கிக்கோங்கன்னு."

மஹ்லகாதான் காரை ஓட்டினாள். ஆரஞ்சுத் தோட்டங்கள் பின்னால் போயின. முதல் வளைவுக்கு முன்பே அவர் கையில் ஒரு எலுமிச்சம்பழமும் காலிப் பையும் கொடுத்தாள்.

ஈரஜ் எலுமிச்சையை முகர்ந்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணமாகி ரெண்டாவது நாளே. இதே ரோட்ல, கீழ மேகமெல்லாம் கடல் மாதிரி கிடக்கு, பாருங்கன்னு காட்டினேன். நீங்க கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, 'ஆஹா, என்ன அழகு'ன்னீங்க."