நாற்பத்தொன்பது சதவீத மாப்பிள்ளை

சிதம்பரம்,
17.9.2012

சிங்கப்பூர் மணவாளன் மாமாவுக்கு, உங்கள் அக்காள் மகன் அன்பரசு வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் கோபமும் நலம். போனில் சொல்லலாம்தான். அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேல்பட்டாம்பாக்கத்தில் என் நிச்சயதார்த்தம் பாதியில் நின்றது. காரணம் நகை இல்லை, ஜாதகம் இல்லை. மத்திய அரசு. பெண் மாலதியின் அப்பா கலியமூர்த்தி, ஆலைத் தொழிற்சங்கத் தலைவர், தாம்பூலத் தட்டை நீட்டுகிறார், அப்பா வாங்கப் போகிறார், யாரும் அணைக்காத டிவியில் செய்தி வருகிறது: உள்நாட்டு விமானக் கம்பெனிகளில் வெளிநாட்டு விமானக் கம்பெனிகள் நாற்பத்தொன்பது சதவீதம் வரை பங்கு வாங்கலாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாலதி வேலை பார்க்கும் கம்பெனியின் விமானங்கள் மாதக்கணக்கில் தரையில்தான் நிற்கின்றன. "நல்லதுங்க மாமா, மாலதி வேலை தப்பிச்சுது" என்றேன். தட்டு பின்னால் போயிற்று.

"வெளிநாட்டுக்காரன் கையில குடுக்கறது நல்லதா? இதுக்கா நாங்க ஆலை கேட்ல படுத்தோம்?"

"வாங்க ஆளில்லன்னா பிளேனு துருப்புடிச்சுப் போவும் மாமா."

"புடிக்கட்டும். நம்ம துரு."

வந்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். எங்கள் பக்கம் அந்நிய முதலீடு. அவர்கள் பக்கம் சுதேசி. ஒருவரும் விமானத்தில் ஏறியதில்லை. "நாப்பத்தொம்போது அவுங்களுதுன்னா சன்னல் ஓரம் யாருக்கு?" என்றாள் லோகநாயகி அத்தை. "றெக்க நமக்கு, வாலு அவனுக்கு" என்று யாரோ பாகம் பிரித்தார்கள். "பாதிக்கும் கம்மிதான சம்பந்தி, சாவி நம்மகிட்டதான் இருக்கும்" என்று அப்பா கெஞ்சினார். கேசரி காய்ந்தது. கலியமூர்த்தி எழுந்தார்.

"வெளியாளுக்குப் பங்கு கேக்குறவருக்கு எம் பொண்ணு இல்ல."

உள்ளேயிருந்து மாலதி வந்தாள்.

"இவரும் நமக்கு வெளியாளுதானப்பா. இவருக்கு நாப்பத்தொம்போது. எனக்கு அம்பத்தொண்ணு. நிர்வாகம் என்னுது. போதுமா?"

கலியமூர்த்தி என் பக்கம் திரும்பினார். "மாப்ள ஒத்துப்பாரா?"

ஒத்துக்கொண்டேன் மாமா. கூட்டத்திலேயே, சத்தமாக. தட்டு மாறியது. அப்பாதான் இன்னும் பேசவில்லை.

கல்யாணம் தையில். தாய்மாமன் மாலை போடாமல் நடக்காது. இப்போதே லீவு சொல்லிவைத்துக் கட்டாயம் வரவும். அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள்,
அன்பரசு

பி.கு.: உறையை ஒட்டுமுன் மாலதி போன் செய்தாள். உங்கள் ஊர் விமானக் கம்பெனியிலேயே அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. முழுக்க முழுக்க வெளிநாட்டுக்காரனுடையது. கலியமூர்த்தி மாமா ஆலை கேட்டில் லட்டு கொடுத்துக்கொண்டிருக்கிறாராம். கல்யாணம் ஐப்பசியிலேயே, உங்கள் ஊரிலேயே. நீங்கள் வர வேண்டாம். மூன்று பேருக்கு ஒரு வீடு பார்த்து வைக்கவும். மூன்றாவது ஆள் கலியமூர்த்தி மாமாதான்.