டொக்டொக் அண்ணனும் இரண்டு பாட்டுப் பெட்டிகளும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் எந்தப் பொருளில் கீறல் இருக்கிறது, எதில் இல்லை என்று சத்தியம் செய்து சொல்லக்கூடிய ஒரே மனிதர் டொக்டொக் அண்ணன்தான். மாநிலம் என்று அடக்கித்தான் சொல்கிறேன். சிங்கப்பூரையும் சேர்த்துச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

ஆயர் ஈத்தாமில் ஒரு மண்பாண்டத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. என்ன வேலை? தட்டுகிற வேலை. சூளையிலிருந்து இறக்கிய தொட்டிகளை வரிசையாக அடுக்கி வைப்பார்கள். அண்ணன் வலது கை நடுவிரலை மடக்கிக்கொண்டு ஒவ்வொன்றையும் ஒரு தட்டுத் தட்டிப்போவார். நல்ல தொட்டி 'ணங்' என்று பேசும். கண்ணுக்கே தெரியாத கீறல் இருந்தாலும் 'டொக்' என்று இருமும். இருமியது ஓரமாகப் போய்விடும். முப்பது வருடமாக இதே வேலை. விரல் முட்டியில் புளியங்கொட்டை அளவுக்குக் காய்ப்பு. அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது.

வேலை முடிந்தால் விரலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமா இல்லையா? கொடுக்க மாட்டார். பழக்கடைக்காரர் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே தர்பூசணி மேல் சாக்கை இழுத்து மூடுவார். எங்கள் தாமான் குடியிருப்பில் ஒருவர் வீடு கட்டிக் குடிபோனார். விருந்துக்கு வந்த அண்ணன் சாப்பிட்டுவிட்டுச் சும்மா போனாரா? கூடத்தில் குனிந்து குனிந்து தரை ஓடுகளைத் தட்டிக்கொண்டே போனார். "ணங்... ணங்... டொக். இங்க டொக். இதுவும் டொக்." ஓடு பதித்த குத்தகைக்காரர் அப்போதுதான் வாயில் லட்டைப் போட்டிருந்தார். அதை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவர் நின்ற கோலம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

மனிதர்களையும் விட்டுவைத்ததில்லை. கோயில் கூட்டத்தில் தலைவர் மைக்கைப் பிடித்து, "எனக்குப் பதவி ஆசை கொஞ்சமும் கிடையாது" என்று நெஞ்சில் கை வைத்தார். கடைசி வரிசையிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது. "டொக்." கூட்டம் அன்றைக்கு அத்தோடு முடிந்தது. தலைவர் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

இப்படிப்பட்ட மனிதரை என் வீட்டு வழக்குக்கு நானே நீதிபதியாகக் கூப்பிட்டேன் என்றால் என் புத்தியை என்னவென்று சொல்வது!

வழக்கு இதுதான். நான் குளுவாங்கில் பார்த்த ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். வாழ்நாளில் ஒரு தடவையாவது உயர்ந்த ரகத்தில் பாட்டுப் பெட்டி ஒன்று வாங்கிவிட வேண்டும் என்பது என் ஆசை. எனக்கு டிஸ்க் பிளேயர் வேண்டும். கூடத்தில் இரண்டு அலமாரி நிறையச் சிடி சேர்த்து வைத்திருக்கிறேன். என் மனைவி கோமதிக்கு ஸ்ட்ரீமர் வேண்டும். இன்டர்நெட்டிலிருந்து பாட்டை இழுத்துக் கொடுக்கும் பெட்டி அது.

"அந்தக் குட்டிப் பெட்டி ஒண்ணு போதும்லா. உலகத்துல உள்ள பாட்டெல்லாம் அதுலயே வருது. இந்த ரெண்டு அலமாரியையும் தூக்கிட்டா எனக்குத் தையல் மெஷின் போட இடம் கெடைக்கும்" என்றாள்.

"சிடியில வர்ற சத்தம் வேற, கோமதி."

"என்னா வேற? குக்கர் விசிலே உங்க காதுல விழறதில்ல. இதுல வேறயாம், வேற!"

கடைசியில் டொக்டொக் அண்ணன் காது சொல்வதே தீர்ப்பு என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். ஜொகூர் பாருவில் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இரண்டு பெட்டிகளையும் ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை ஒன்று திரும்பிப் போக வேண்டும், ஒன்று வீட்டில் தங்க வேண்டும்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு வேலை முடிந்து அண்ணன் வந்தார். சட்டையெல்லாம் மண் தூசி. வந்ததும் இரண்டு பெட்டிகளையும் ஒரு தட்டுத் தட்டினார்.

"ரெண்டும் ணங் தம்பி. நான் கெளம்பட்டா?"

"பெட்டிய இல்லண்ணே, பாட்டக் கேளுங்க" என்று பிரம்பு நாற்காலியில் பிடித்து உட்கார வைத்தேன். ஒரே வயலின் கச்சேரியை முதலில் டிஸ்க்கிலும் பிறகு ஸ்ட்ரீமரிலும் ஓடவிட்டேன். அண்ணன் சூளைக்கு முன்னால் நிற்பவர்போல விறைப்பாக உட்கார்ந்து, விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, வயலின்காரர் ஒக்காந்திருக்கிற மேடைக்கு ஒரு கால் ஆடுது."

மூன்று முறை திருப்பிப் போட்டுக் கேட்டேன். அட, ஆடத்தான் செய்தது! இருபது வருடமாக நான் உருகி உருகிக் கேட்ட கச்சேரி அது. இனி அந்த மேடைதான் கேட்கும்.

"பின்னால தம்புரா மீட்டுற அம்மாவுக்குச் சளி. மிருதங்கக்காரர் ஒரு எடத்துல தூங்கிட்டாரு" என்று அடுக்கினார்.

"எந்தப் பெட்டியில அண்ணே?"

"ரெண்டுலயும்தான்."

செவ்வாய்க்கிழமை மழை. எங்கள் பக்கத்து மூன்று மணி மழை தெரியுமல்லவா, தாமானையே ஒரு ஈரப் போர்வைக்குள் இழுத்துப் போட்டுவிடும். கார் நிறுத்தும் இடத்துத் தகரக் கூரையில் அது ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. தூரத்து நெடுஞ்சாலையில் லாரிகள் போவது யாரோ பெருமூச்சு விடுவதுபோல் கேட்டது. நான் ஒரு புல்லாங்குழல் சிடியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அண்ணனுடைய தூக்கிய விரல் மெதுவாக இறங்கி மடியில் படுத்துக்கொண்டது. கண் மூடிக்கொண்டது. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கோமதி வைத்த டீ ஆறி ஆடை கட்டியது. குழல் முடிந்த பிறகும் மழை அதே சுருதியில் வாசித்துக்கொண்டிருந்தது.

"என்னாண்ணே, ணங்கா டொக்கா?" என்று மெல்லக் கேட்டேன்.

வெகு தூரத்திலிருந்து நடந்து வந்தவர்போல் கண்ணைத் திறந்தார். "தெரியல தம்பி" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "முப்பது வருசமா ஒடஞ்சதத் தேடித்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். சும்மா கேட்டதே இல்ல. இன்னிக்குத்தான் கேட்டேன்."

புதன்கிழமை ஸ்ட்ரீமர் முறை. அதில் ஒரு வசதி உண்டு. ஒரு பாட்டு முடிந்தால் அதே மாதிரி இன்னொன்றை அதுவாகவே தேடிப் போடும். அது முடிந்தால் இன்னொன்று. வீணை போய் ஆர்மோனியம் வந்தது, ஆர்மோனியம் கரைந்து ஏதோ ஒரு நாட்டுக் குழல் வந்தது, அது எந்த நாடென்று எனக்கும் தெரியவில்லை. வெயில் சன்னல் கம்பியிலிருந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்து அலமாரிக்கு ஏறி, அப்படியே போய்விட்டது. நாலு மணிக்கு உட்கார்ந்த மனிதர் எழுந்திருக்கவே இல்லை. கோமதி இருட்டும் நேரத்தில் சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தாள். அதையும் கண்ணை மூடிக்கொண்டே சாப்பிட்டார்.

"பெரிய ஏரி தம்பி" என்றார். "தண்ணி அசையவே இல்ல. நம்ம தொட்டியெல்லாம் மெதக்குது. ஒண்ணுகூட ஒடையல."

வியாழக்கிழமையும் அதே ஏரிதான். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் மிதந்துகொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை என் போன் அலறியது. தொழிற்சாலைத் தவுக்கே. சீன முதலாளி என்றாலும் கோபம் வந்தால் மலாயில்தான் திட்டுவார். அலாமாக், என் ஆளை நீ என்ன செய்தாய் என்று ஆரம்பித்தார். முதல் நாள் சிங்கப்பூருக்குத் தாமரைத் தொட்டிகள் போயிருக்கின்றன. ஒரு பெரிய ஹோட்டல் வாசலில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால், ஊற்றிய தண்ணீரெல்லாம் வாசலில் ஓடியிருக்கிறது. அத்தனையும் அண்ணன் தட்டி 'ணங்' சொன்ன தொட்டிகள். நாளைக் காலை அடுத்த சூளை திறக்கிறது, அதிலும் கீறல் தப்பினால் அவரை லாரியில் தொட்டி ஏற்ற அனுப்பிவிடுவேன் என்றார். அண்ணனுக்கு முழங்கால் வலி. அந்தக் காலை வைத்துக்கொண்டு லாரி ஏறுவதாவது! இரண்டு பெட்டிகளில் எது உயர்ந்தது என்று பார்க்கப்போய் ஒரு மனிதருடைய காதையே பறித்துவிட்டேனா?

நாலு மணிக்கு அண்ணன் வந்தார். தலை குனிந்திருந்தது.

"தட்டினா எல்லாமே பாட்டு மாதிரி கேக்குது தம்பி. டொக்குன்னு வந்தாலும் நல்லாத்தான் இருக்கு. ஓரமா தள்ள மனசு வரல." விரல் காய்ப்பைத் தடவிக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். பயமா இருக்கு."

"அப்ப நீங்க இனிமே பாட்டே கேக்க வேணாம்ணே" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பிள்ளையிடமிருந்து பொம்மையைப் பிடுங்கினால் பார்க்குமே, அப்படிப் பார்த்தார்.

கோமதி என்னை ஒரு முறை முறைத்தாள். "நீங்க சும்மா இருங்க. ஒக்காருங்கண்ணே." அவளே போய் அலமாரியைத் திறந்து, அந்தப் புல்லாங்குழல் சிடியை எடுத்துப் போட்டாள். இந்த வீட்டில் அவள் கை என் சிடியைத் தொட்டது அன்றைக்குத்தான். அண்ணன் கண்ணை மூடினார். விரல் இறங்கியது. முக்கால் மணி நேரம் குழல் ஓடி, நின்றது.

நின்ற பிறகு வீடு அப்படியே இருந்தது. ஸ்ட்ரீமராக இருந்தால் இந்நேரம் அடுத்ததை இழுத்துவந்திருக்கும். இது வரவில்லை. தலைக்கு மேல் காற்றாடி சுற்றியது. அடுத்த வீட்டில் யாரோ துணி உதறினார்கள். அண்ணன் மெதுவாக, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். கண் திறந்தது. டீ கப்பை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. விரல் தானாக மடங்கி கப்பை ஒரு தட்டுத் தட்டியது.

"டொக்" என்றார். "கோமதி, இந்தக் கப்புல கீறல் இருக்கும்மா."

"அப்பாடா!" என்று கோமதி கையெடுத்துக் கும்பிட்டாள். வாழ்க்கையில் நான் கேட்ட மிக அழகான டொக் அது.

"இதுதான் தம்பி வித்தியாசம்" என்றார் அண்ணன், கண்ணெல்லாம் ஈரமாக. "அந்தப் பெட்டி எறங்கவே விட மாட்டேங்குது. இது கொண்டுபோயி, திருப்பிக் கொண்டாந்து வாசல்ல எறக்கி விடுது."

மறுநாள் காலை சூளையில் ஏழு தொட்டிகளை ஓரமாகத் தள்ளினாராம். தவுக்கே நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. மதியம் நான் ஸ்ட்ரீமரைப் பெட்டியில் போட்டுக் கட்டினேன். கயிற்றைப் பிடித்துக்கொடுத்தது கோமதிதான்.

"தையல் மெஷினு?" என்றேன்.

"படுக்கை ரூம்ல போட்டுக்குவேன்லா. அந்த மனுசனுக்கு வேலை போயிட்டா என்னா பண்ணுவாரு?"

இரண்டு வருடம் ஆகிறது. அண்ணன் இப்போதும் வியாழக்கிழமைதோறும் வருகிறார். ஒரு தடவைக்கு ஒரே ஒரு சிடிதான், நின்றதும் எழுந்து போய்விட வேண்டும் என்பது கோமதி போட்ட சட்டம். சட்டத்தை நான் மீறுவதில்லை. வியாழக்கிழமை காலையிலேயே அலமாரி முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு அட்டையாகத் திருப்பி, இருப்பதிலேயே அதிக நேரம் ஓடுவது எது என்று தேடி எடுத்து வைத்துவிடுகிறேன், அவ்வளவுதான்.