பாய்லர்க்காரன் போட்ட பிரேக்

அடுத்தவன் காரின் பிரேக்கைக் கெடுத்தவன் நான். அதோடு விட்டிருந்தால் மன்னிப்பு உண்டு. கெடுத்தது நான் இல்லை என்று ஒரு வாரம் ஊரோடு சண்டை போட்டேன். அதற்கு மன்னிப்பு கிடையாது.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். துறைமுகத்தை ஒட்டிய ஒரு பட்டறையில் பாய்லர் தகடுகளுக்கு ரிவிட் அடிப்பது என் வேலை. இரண்டு தகடுகளைச் சேர்த்து வைத்து, பழுக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் விட்டு, அதன் தலையைக் குண்டாக அடித்து நிறுத்த வேண்டும். நான் அடித்த ரிவிட்டின் தலை லட்டு மாதிரி நிற்கும். ஃபோர்மேன் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். அந்தத் தடவலிலேயே எனக்குத் திமிர் ஏறிவிட்டது. (இருபத்தாறு வயது. மீசை வேறு.)

ராயபுரத்தில் எனக்கு அடுத்த வீடு காதர். அவனிடம் ஒரு பழைய சீமைக் கார் இருந்தது. ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி வாடகைக்கு ஓட்டுவான். சவாரி கிடைக்காத நாள்தான் அதிகம். அப்போது எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனி மானேஜர், தினமும் வேலைக்குப் போய்வர மாத வாடகைக்கு வண்டி தேடினார். அடுத்த வாரம் திங்கட்கிழமை ஏறிப் பார்க்கிறேன் என்று காதரிடம் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் வண்டி அவனிடம் தங்கும். இல்லாவிட்டால் விற்றாக வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

பிரேக் லைனிங் தேய்ந்து போயிருந்தது. சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற பட்டை அது. அதைச் செம்பு ரிவிட் வைத்துத்தான் இறுக்குவார்கள். காதர் மெக்கானிக்கிடம் போகிறேன் என்றான்.

"மெக்கானிக் இன்னாத்துக்கு? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

"இல்ல மாணிக்கம், இது காரு வேல..."

"ரிவிட்டுன்னா ரிவிட்டுதான்டா. கப்பல் பாய்லரு என் ரிவிட்ட தாங்குது, உன் டப்பா தாங்காதா?"

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தெருவில் உட்கார்ந்து நான்கு சக்கரத்துக்கும் புது லைனிங் போட்டேன். தலைகள் வரிசையாகப் பளபளவென்று நின்றன. தெருவே பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். டிரம்மை மாட்டப் போனால் அது ஏற மறுத்தது. மூளை உள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான் பட்டையை இறுக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, மரக்கட்டையை வைத்து அடித்து ஏற்றினேன்.

காதர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து வாசலில் பிரேக்கை அழுத்தினான். கீ... ச் என்று ஒரு சத்தம். எங்கள் வீட்டுக் கோழி கூரையில் ஏறிவிட்டது. (இரண்டு நாள் முட்டை இல்லை.)

"இன்னா மாணிக்கம், புதுசு போட்டும் கத்துது?"

"புதுசுன்னா கத்தும். பழகட்டும்."

செவ்வாய்க்கிழமையும் கத்தியது. துறைமுகத்து நிலக்கரித் தூசு என்றேன். நாலு வாளி தண்ணீர் ஊற்றினோம். புதன்கிழமை ஸ்பிரிங் பட்டையில் கோளாறு என்று எண்ணெய் விட்டேன். வியாழக்கிழமை ரோடு சரியில்லை என்றேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வந்த காதர் மெதுவாக ஆரம்பித்தான்.

"கோச்சிக்காத. டிரம்ம ஒருக்கா கயட்டிப் பாத்துடலாமா?"

"என் வேலைய சந்தேகப்படறியா?"

"சந்தேகம் இல்லடா. சத்தம் வருதே!"

"அது உன் கால்ல கீது கோளாறு. மெரிச்சா மெரிக்கணும், நசுக்கினு இருக்கக் கூடாது."

அவன் தன் காலைக் குனிந்து பார்த்தான். பத்து வருஷமாக வண்டி ஓட்டிய கால். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். என் மனைவி சரசு உள்ளிருந்து, "பாய்லருக்கு வாய் இருந்தா உன்ன மாதிரிதான் பேசும்" என்றாள்.

திங்கட்கிழமை நானும் லீவு போட்டுவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை. பின்னால் மானேஜர், கோட்டும் செய்தித்தாளுமாக. காசிமேட்டில் மீன் கூடையோடு ஒரு அம்மா குறுக்கே வந்தாள். காதர் பிரேக் பிடித்தான்.

"அடப் பாவிங்களா! வண்டிக்கடியில பூனைய கட்டிகினு வரீங்களா?"

மானேஜர் செய்தித்தாளை மடித்தார். நான் திரும்பி, "ஆரன் அடிக்கிற வேல மிச்சம் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

திருவொற்றியூர் ரயில்வே கேட் திறந்துதான் இருந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு எருமை ரோட்டில் நின்றது. காதர் முழுசாக மிதித்தான். வாரம் முழுவதும் சேர்த்து வைத்த சத்தமெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. கேட்டுக்காரன் குடிசையிலிருந்து பாய்ந்து வந்து, இரண்டு பக்கமும் கேட்டைப் பூட்டிவிட்டு, கொடியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றான். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் ரயில் எதுவும் வரவில்லை என்பது அவனுக்கு உறைத்தது. அதற்குள் இரு பக்கமும் மாட்டு வண்டிகள் சேர்ந்து, கேட்டுக்காரனின் அம்மா வரைக்கும் திட்டு போய்விட்டது.

மானேஜர் என்னிடம் கேட்டார்: "என்னப்பா இது?"

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. வாயில் வந்தது வேறு.

"பிரேக்கெல்லாம் புதுசு சார். நானே போட்டேன். டிரைவருக்குக் கால் பழகல."

காதர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சத்தத்தை ரிப்பேர் செய்துகொள்ளலாம்" என்றார் மானேஜர். "பிரேக் பிடிக்கத் தெரியாதவனை நம்பி நான் தினமும் எப்படி ஏறுவது?" இறங்கி, எதிரே வந்த குதிரை வண்டியை நிறுத்திப் போய்விட்டார்.

திரும்பி வந்ததும் காதர் தானே சக்கரத்தைக் கழற்றினான். டிரம்மின் உள்பக்கம் உழுத வயல் மாதிரி வரிவரியாகக் கிடந்தது. லைனிங்கில் குழி தோண்டி ரிவிட் தலையை அதற்குள் புதைக்க வேண்டுமாம். மேலே துருத்தினால் ரிவிட் டிரம்மை அறுக்குமாம். என் லட்டுகள் அத்தனையும் வெளியே நின்றுகொண்டிருந்தன.

"இது பாய்லர் இல்ல மாணிக்கம்" என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவன் வாசலில் நின்றதும் என் வாயிலிருந்து வந்தது இது: "நீ அப்பவே அடிச்சி சொல்லியிருக்கணும், கயட்டுடான்னு!" மன்னிப்புக் கேட்கப் போய்ச் சண்டை போட்டுவிட்டுத் திரும்பியவன் ராயபுரத்தில் நான் ஒருவன்தான். அந்த மாதமே காதர் காரை விற்றான். அதன் பிறகு கடைசி வரை அடுத்தவன் லாரிதான் ஓட்டினான்.

எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் என் மைத்துனன் துண்டைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு கேட்டுக்காரன் மாதிரி நடித்துக் காட்டுவான். என் மகள் கல்யாணத்திலும் காட்டினான். பந்தியே குலுங்கியது. காதரும் அதே பந்தியில்தான் உட்கார்ந்திருந்தான். பரிமாறிக்கொண்டிருந்த என் சின்ன மகள் அவனிடம் கேட்டாள்:

"மாமா, அந்த மானேஜராண்ட அப்பா அன்னிக்கு இன்னா சொன்னாரு?"

என் கையிலிருந்த பாயச வாளி நின்றுவிட்டது. அவள் அம்மாவுக்குக்கூட நான் அதைச் சொன்னதில்லை.

"உங்கப்பனா?" என்று காதர் நிமிர்ந்தான். "அவன் ஒண்ணும் சொல்லலம்மா. கேட்டுக்காரன் போட்ட சத்தத்துல யாரு பேசினது?"

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். நான் அவன் இலையில் பாயசம் ஊற்றினேன். போதும் என்று அவன் கையைக் குறுக்கே வைக்கும் வரை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.