மாத்தையா இழுத்த பாண் வண்டி

கொடைக்கானலில் போலீஸ்காரரிலிருந்து கறிக்கடைக்காரர் வரை எல்லாரையும் "நீ" என்று கூப்பிட்டு, நாயை மட்டும் "நீங்க" என்று கூப்பிட்ட ஒரே மனிதர் பாண்காரர்தான். 'ஒரே மனிதர்' என்று சும்மா சொல்லவில்லை. எழுபதுகளின் கடைசியிலிருந்து எட்டு வருஷம் அந்த ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்தவன் நான். ஊரில் நாய் வைத்திருந்தவர்கள் நாயிடம் பேசிய பேச்சையெல்லாம் கேட்டவன். கொஞ்சியவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு, இங்கிலீஷில் பேசியவர்கள்கூட நிறைய. மரியாதை கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. மருந்தகப் பதிவேட்டிலேயே 'பாண்காரர்' என்றுதான் எழுதியிருந்தேன். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவுக்கு ரொட்டி சுட்டவர். அங்கே ரொட்டிக்குப் பாண் என்று பேர். இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேற்றி அனுப்பியவர்களோடு வந்து, எப்படியோ மலையேறி, நாயுடுபுரத்தில் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டார். முதல் வாரம் "பாண்! சூடு பாண்!" என்று கூவிக்கொண்டு போனபோது, பீடா விற்கிறார் என்று நினைத்து நாலைந்து பேர் வெற்றிலை நன்றாக இருக்குமா என்று விசாரித்தார்களாம். அதற்காக அவர் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. ஊர்தான் மாற்றிக்கொண்டது.

நாய் வந்த கதை சின்னது. வீட்டைக் காலி செய்துகொண்டு சொந்த நாட்டுக்குப் போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் விட்டுப்போன நாய் அது. கன்றுக்குட்டி உயரம், உடம்பெல்லாம் கம்பளி மாதிரி முடி, முகத்தில் எப்போதும் யார்மேலோ மனக்குறை. அவர்கள் வைத்த பெயர் பாண்காரர் வாயில் நுழையவில்லை. "மாத்தையா" என்று கூப்பிட்டார். சிங்களத்தில் ஐயா என்று சொல்கிற மாதிரியாம்.

"இவரு மொகத்தப் பாரு தம்பி. தோட்டத்துல எங்க பெரிய கிளாக்கரு இப்படித்தான் இருப்பாரு. பேர் சொல்லிக் கூப்பிட மனசு வருமா?" என்பார்.

வண்டி வந்ததற்குக் காரணம் அவருடைய முழங்கால். தலையில் கூடையோடு மூஞ்சிக்கல் மேட்டில் ஏறி ஏறி வலது முட்டி வீங்கிவிட்டது. அதே வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன குழந்தைவண்டியின் நாலு சக்கரத்தை எடுத்து, ஆப்பிள் பெட்டியை மேலே வைத்து ஒரு வண்டி செய்தார். தள்ளிப் பார்த்தார், முட்டி ஒத்துக்கொள்ளவில்லை. மாத்தையா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஊரில் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருப்பது எப்போதுமே ஆபத்து. யாராவது ஒரு வேலை கொடுத்துவிடுவார்கள். மறுநாள் அதன் நெஞ்சில் ஒரு தோல்பட்டை ஏறிவிட்டது. உள்பக்கம் பழைய ஸ்வெட்டரை வைத்துத் தைத்த பட்டை.

சீசனுக்கு வந்தவர்கள் ஏரியைப் பார்ப்பதை விட்டுவிட்டு இதைப் பார்த்தார்கள். போட்டோ எடுத்தார்கள். மாத்தையா போட்டோவுக்கு நிற்கும். பாண்காரர்தான் நிற்க மாட்டார்.

ஒருநாள் ஏரிக்கரையில் ஒரு அம்மா வெந்த மக்காச்சோளத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமோ ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். மாத்தையா அதைத் தனக்கான அழைப்பாக எடுத்துக்கொண்டது. வண்டியோடு பாய்ந்தது. அந்த அம்மா அலறிக்கொண்டு கரையில் கட்டியிருந்த படகில் குதித்தார். வண்டி கவிழ்ந்தது. முப்பது நாற்பது ரொட்டி ஏரியில் மிதந்தது. பாண்காரர் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். முதலில் நாயின் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலயே? தப்பு என்மேலதான் மாத்தையா. காலையில கஞ்சி ஊத்தாமக் கூட்டியாந்துட்டேன்."

பிறகு படகைப் பார்த்தார். "நீ ஏம்மா சோளத்த ஆட்டுன?"

இதை ரோட்டிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றவர்தான் எஸ்தர் டீச்சர். ஒரு மிஷன் பள்ளியில் சயன்ஸ் டீச்சர். குடையும் கைப்பையுமாக நேரே எங்கள் மருந்தகத்துக்கு வந்தார். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் மலையேறுவார். மற்ற நாளெல்லாம் நான்தான் டாக்டர் மாதிரி.

"சார், நீங்க கவர்மென்ட்ல இருந்துக்கிட்டு இத எப்படிப் பாத்துட்டு இருக்கீங்க? நாய் வண்டி இழுக்கவா பொறந்துச்சு? அதோட காலப் பாருங்க. குதிரைக்கு மாதிரி குளம்பா இருக்கு? இட்ஸ் க்ரூவல். இந்த நாய் வேலைக்கு லாயக்கில்லன்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க. மீதிய நான் பாத்துக்கிறேன்."

டாக்டர் வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பாண்காரர் வந்தார்.

"நீ என் மாத்தையா நல்லாத் தேகசொகத்தோட இருக்காருன்னு ஒரு சர்டிபிகேட் எழுது."

அவரிடமும் டாக்டர் வரட்டும் என்றேன். அந்த ஊரில் எட்டு வருஷ வேலையில் நான் அதிகமாகச் சொன்ன வாக்கியம் அதுதான்.

டாக்டர் வருகிற நாளில் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். கூடவே ஏரிக்கரைக் குதிரைக்காரர்கள் நாலு பேர். நாயை நிறுத்தினால் அடுத்தது குதிரைதான் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். சுகாதார ஆய்வாளரும் ஒரு தடித்த விதிப் புத்தகத்தோடு வந்திருந்தார். நின்றபடியே புரட்டினார்.

"மாடு இருக்கு. எருமை இருக்கு. குதிரை, கழுதை இருக்கு. ஒட்டகம்கூட இருக்கு. நாயக் காணமே."

"ஏலே, ஒட்டகம் எப்ப இங்கன வந்துச்சு?" என்றார் ஒரு குதிரைக்காரர் இன்னொருவரிடம்.

டாக்டர் நாயின் பாதத்தை அழுத்திப் பார்த்தார், நெஞ்சைத் தடவிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். வண்டியைக் கையால் இழுத்தும் பார்த்தார். "நாய் நல்லாத்தான் இருக்கு. இவரோட முட்டிதான் சரியில்ல. அதுக்கு இது ஆஸ்பத்திரி இல்ல" என்று கை கழுவப் போய்விட்டார்.

பாண்காரர் டீச்சர் பக்கம் திரும்பினார். "நீ சின்னதுல குதிர மேல ஏறி ஏரியச் சுத்துனதில்லையா? பூண்டியில பூண்டு மூட்டையத் தூக்கி லாரில ஏத்துறானே, அவன் முதுகப் பாத்து எவன்கிட்டயாவது போய்ச் சண்ட போட்டியா?"

"அவரால வேணாம்னு சொல்ல முடியுங்க. வாய் இருக்கு."

"வாய் இருந்து? சொல்லிட்டுச் சோத்துக்கு எங்க போவான்?" என்றார் பாண்காரர். "சரி, என் மாத்தையாவ நீயே கேட்டுப் பாத்துக்க."

சொன்னவர் பட்டையைக் கழற்றித் தரையில் போட்டார். வண்டியை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, வளாகத்தின் கடைசி மூலைக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து எதிர்மூலையில் நீட்டினார். மாத்தையா பிஸ்கட்டை வாங்கித் தின்றது. அவசரமில்லாமல் நடந்து வந்தது. தரையில் கிடந்த பட்டையை வாயில் கவ்விக்கொண்டு போய், வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தது.

குதிரைக்காரர்கள் கை தட்டினார்கள். சுகாதார ஆய்வாளர் புத்தகத்தை மூடினார். பாண்காரர் வெற்றிக்கொடி நாட்டின முகத்தோடு வந்தார்.

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டார். போகிறபோது மெதுவாகத்தான் சொன்னார். "அதுக்கு வண்டி பிடிக்கல அண்ணாச்சி. உங்களப் பிடிச்சிருக்கு. நீங்க கல்லத் தூக்கச் சொன்னாலும் தூக்கும். அதனாலதான் நான் பயப்படுறேன்."

அன்றைக்குப் பாண்காரர் நாய்க்குப் பட்டையை மாட்டாமல், வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு போனார். நான்கூட முட்டி சரியாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

மறுநாள் காலை மூஞ்சிக்கல் மேட்டில் ஊரே நின்றுவிட்டது. பாண்காரர் நாயின் பட்டையைத் தன் நெஞ்சில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றாத குறையாகக் குனிந்து வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். ரொட்டிகளுக்கு நடுவில் மாத்தையா உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது.

"என்னங்க அண்ணாச்சி, நாய் முதலாளி ஆயிருச்சா?" என்று ஒருவர் கேட்டார்.

"அவருக்கு எங்க நோவுதுன்னு பாக்கறேன். நீ ஒன் சோலியப் பாரு."

ஏழு நாள் இழுத்தார். ரொட்டிமேல் நாய் முடி இருந்ததாகப் புகார் வந்து, சுகாதார ஆய்வாளருக்கு இந்தத் தடவை விதி கிடைத்துவிட்டது. அப்புறம் நாய் கீழே நடந்தது, இவர் இழுத்தார். எட்டாம் நாள் மருந்தகத்துக்கு வந்து சட்டையைத் திறந்து காட்டினார். நெஞ்சில் இரண்டு பக்கமும் சிவப்புத் தடம்.

"ஏத்தத்துல இங்க அறுக்குது. எறக்கத்துல வண்டி பின்னால வந்து தொடையில இடிக்குது. சமரோட்டுல ஒண்ணுமே தெரியல, தம்பி. சமரோட்டுல சொகமாத்தான் இருக்கு." சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "ரெண்டு வருசம் ஏத்தத்துல இழுத்துருக்காரு. ஒரு வார்த்த சொல்லல."

அன்றிலிருந்து சட்டம் மாறியது. ஏற்றத்திலும் இறக்கத்திலும் பாண்காரர், சமரோட்டில் மட்டும் மாத்தையா. மழை பெய்தால் லீவு. ஞாயிற்றுக்கிழமை லீவு. தும்மினால் மெடிக்கல் லீவு. அதற்கு என்னிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு போவார். பதினோரு மணிக்கு ஏரிக்கரையில் டீ இடைவேளை, இரண்டு பேருக்கும் பன். முட்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், "நோவுது. நோவுதுன்னு சொல்ல எனக்குத்தான் வாய் இருக்கே" என்பார்.

எஸ்தர் டீச்சருக்கு இது போதவில்லை. "பாதி தப்பும் தப்புதான்" என்றார். அவரிடம் ரொட்டி வாங்குவதில்லை என்று சபதம் எடுத்து, ரொட்டிக்காக பஜாருக்கு நடந்து போனார். பாண்காரர் விடவில்லை. டீச்சர் வீட்டு வாசலில் மட்டும் வண்டியை நிறுத்தி, இரண்டு தடவை அதிகமாகக் கூவுவார். இந்தச் சண்டை நாலு வருஷம் நடந்தது. இரண்டு பேருக்கும் ஒரு நாள்கூட அலுக்கவில்லை.

எண்பதுகளில் மாத்தையாவுக்கு வயதாகிவிட்டது. கண்ணில் பால் படர்ந்தது, பின்னங்கால் தள்ளாடியது. ஒருநாள் சமரோட்டிலேயே மடிந்து உட்கார்ந்தது. உடனே எழுந்து மறுபடி இழுத்தது. பாண்காரர் அங்கேயே பட்டையைக் கழற்றிவிட்டார். "போதும். நீங்க ரிட்டயர்டு" என்றார்.

ரிட்டயர்மென்டை மாத்தையா ஏற்றுக்கொள்ளவில்லை. மறுநாள் அவர் வண்டியோடு கிளம்பியதும் வீட்டில் கட்டிப்போட்டிருந்த நாய் ஊளையிட்ட சத்தம் மூஞ்சிக்கல் வரை கேட்டது. மூன்று நாள் சாப்பிடவில்லை. வண்டியில் ஏற்றி என்னிடம் கொண்டுவந்தார். நோய் எதுவும் இல்லை. டாக்டரும் பார்த்துவிட்டு, "வேலை இல்லாத கவலை. இதுக்கு ஊசி கெடையாது" என்றார்.

நாலாம் நாள் பாண்காரர் ஒரு வேலை செய்தார். நாய்க்குப் பட்டையை மாட்டினார். பட்டையிலிருந்து இரண்டு கயிறு. கயிற்றின் மறுமுனையை வண்டியில் கட்டாமல், வண்டிக்கு அடியில் சும்மா தொங்கவிட்டார். மாத்தையா முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நடந்தது. இவர் பின்னால் குனிந்து, சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போனார். கண் மங்கிய நாய்க்கு வண்டி வருகிற சத்தம் மட்டும் போதுமாக இருந்தது. அன்று இரவு கஞ்சி குடித்ததாம்.

அந்த வாரம் நான் வெள்ளனே கிளம்பி மருந்தகத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். மூஞ்சிக்கல் மேட்டில் வண்டி பாதியில் நின்றிருந்தது. பாண்காரரின் முட்டி மடங்க மறுத்துவிட்டது. முன்னால் மாத்தையா, ஏன் நிற்கிறோம் என்று தெரியாமல், இல்லாத பாரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. எதிரே எஸ்தர் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். நின்றார். தொங்குகிற கயிற்றைப் பார்த்தார். நாயைப் பார்த்தார்.

"இப்ப அத ஏமாத்தவேற செய்றீங்களா, அண்ணாச்சி?"

"ஆமா டீச்சரு. தப்புதான்" என்றார் பாண்காரர், மூச்சு வாங்க. "ஆனா மெதுவாப் பேசு. அவருக்குக் காது நல்லாக் கேக்கும்."

டீச்சர் குடையை ரொட்டிப் பெட்டிமேல் வைத்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டியின் பின்னால் ஒரு பக்கத்தில் கை வைத்தார். வண்டி நகர்ந்தது. நானும் ஓடிப்போய் மறுபக்கத்தில் கை வைத்தேன். பாதி மேட்டில் மாத்தையா ஒருமுறை திரும்பிப் பார்த்தது. மூன்று பேரும் கையை எடுத்து, வண்டிக்கு இடுப்பை முட்டுக்கொடுத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

அதற்கப்புறம் அது எங்களுக்குத் தினசரி வேலையாகிவிட்டது. மாத்தையா அப்படியே ஒன்றரை வருஷம் வேலை பார்த்தது. சாகிறதுக்கு முந்தின நாள்கூட லீவு எடுக்கவில்லை. அது போன பிறகு பாண்காரர் வேறு நாய் வளர்க்கவில்லை, யார் கேட்டாலும், "இன்னொருத்தர்கிட்ட வண்டி இழுங்கன்னு நான் எப்படிக் கேக்கறது?" என்று மட்டும் சொல்வார். வண்டி மட்டும் வழக்கம்போல மேட்டில் ஏறியது. பின்னால் இரண்டு பேர் தள்ளினோம்.

எனக்கு ஒட்டன்சத்திரத்துக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற காலையில் கையில் பெட்டியோடு மூஞ்சிக்கல்லைக் கடக்கும்போது, மேட்டுக்குக் கீழே பாண் வண்டி ஏறி வந்துகொண்டிருப்பது தெரிந்தது. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டியை ரோட்டோரத்தில் வைத்துவிட்டு, இறங்கிப் போய், மேடு முடிகிறவரை தள்ளிவிட்டு, அடுத்த பஸ்ஸில் போனேன்.