ஆப்பிள் கூடையும் குனிந்த நாற்றுகளும்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே உங்கள் தங்கை நலம். நானும் என் நாற்றுகளும் நலமில்லை. காரணம், நீங்கள் அன்போடு அனுப்பிய ஆப்பிள் கூடை.

வீட்டில் வைத்தால் எறும்பு வரும் என்று உங்கள் தங்கை அதை என் தலையில் கட்டினாள். ஆய்வுக்கூட மேசையில் வைத்தால் பக்கத்து அறைத் தலையாட்டி தின்று தீர்ப்பான் (எனக்குப் பின்னால் வந்து எனக்கு மேலே போனானே, அவன்தான்). ஆகவே நாற்று வளர்க்கும் இருட்டறைக்குள் வைத்துப் பூட்டினேன். அந்த அறை மேல்தான் அவனுக்குக் கண். இன்று பார்வையிட வந்த குழுவின் முன் என் சோதனை பலித்தால் அறை எனக்கு, இல்லையென்றால் அவனுக்கு.

பழுத்த பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். செடிக்கு அது ஹார்மோன். செடிக்குள் ஒரு புரதம், மேலே பாஸ்பேட் ஒட்டியிருக்கும்வரை, வாயில் பிளாஸ்திரி போட்டதுபோல் கம்மென்று கிடக்கும். வாயு வந்தால் பிளாஸ்திரி கழன்றுவிடும்; உடனே அது செல்லின் உட்கருவுக்குள் ஓடி, வளராதே, தடித்துக்கொள், தலையை வளை என்று ஊரைக் கூட்டிவிடும். யாரைப் போல என்று நான் எழுதப்போவதில்லை, உங்கள் தங்கை படிப்பாள். பிளாஸ்திரி கழலவே கழலாத ரகம் ஒன்றை உருவாக்கி, குழுவின் கண்ணெதிரே வாயுவை அளந்து விட்டு, அது குனியாமல் நிற்பதைக் காட்டுவதாக இருந்தேன். இன்று காலை கதவைத் திறந்தால் முன்தட்டு நாற்றெல்லாம் குட்டையாய், குண்டாய், கடன் கேட்க வந்தவன்போல் குனிந்து நிற்கிறது.

"என்ன சார், குழு வர்றதுக்கு முன்னாடியே எல்லாம் மரியாதையா குனிஞ்சிடுச்சு?" என்றான் தலையாட்டி.

நீதான்டா ஏதோ பண்ணிட்டே என்று நான் கத்தியது மாடிவரை கேட்டிருக்கிறது. அப்புறம்தான் ஆப்பிள் வாசனை மூக்கில் ஏறியது. குழு வருமுன் கதவைக்கூடச் சாத்தாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அறை போச்சு. எல்லாம் உங்கள் தாராள மனசு.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகள் நன்றாக இருக்கட்டும். பழம் அனுப்பும் பழக்கம் மட்டும் அவர்களுக்குத் தொற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் தலையாட்டி வீட்டுக்கே வந்துவிட்டான். முன்தட்டில் இருந்தது ஒப்பிட்டுப் பார்க்க நானே வைத்த சாதாரண ரகமாம். பின்தட்டில் என்னுடைய ரகம் அத்தனை வாயுவிலும் நெட்டுக்குத்தாய் நிற்கிறதாம். நான் அங்கே பார்க்கவே இல்லை. "சார் வேணும்னேதான் பழம் வச்சிருக்காரு" என்று குழுவிடம் சொல்லி, அறையை எனக்கே வாங்கிக் கொடுத்திருக்கிறான். இனி அவனைத் திட்ட எனக்கு வாய் வராது. திட்டுவதற்கென்று மிச்சமிருப்பது நீங்கள் ஒருவர்தான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.