சுருக்கும்போது பேசாத கட்டை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, உன் அண்ணி, நான், என் இடது முழங்கால் ஆகிய நால்வரும் வயதுக்குத் தக்க நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சண்டை சச்சரவில்லாமல், அல்லது அளவான சண்டையோடு, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பாதியில் சிரித்துவிடுவாய், மீதியைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் கடிதம்.

விஷயம் அப்பாவின் அக்கார்டியன். போன வருஷம் நீ அதைக் கேட்டபோது, "அது கெட்டுப்போச்சு, ஒரு கட்டை பேசமாட்டேங்குது, உனக்கு எதுக்கு அந்த ஓட்டைப் பெட்டி" என்று சொன்னேன் அல்லவா? அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. கட்டை பேசவில்லைதான். ஆனால் நான் கொடுக்காமல் இருந்தது அதற்காக அல்ல. ஆஸ்பத்திரியில் அப்பா கடைசியாகக் கண் திறந்து "பெட்டியப் பாத்துக்கோ" என்றபோது கட்டில் பக்கத்தில் நின்றவன் நான். நீ பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தாய். அவர் எனக்குத்தான் சொன்னாரா, அங்கே யார் நின்றிருந்தாலும் சொல்லியிருப்பாரா என்று பதினோரு வருஷமாக யோசிக்கிறேன், பதில் கிடைக்கவில்லை. வாசிக்கத் தெரிந்தவள் நீ. தன் சலூனில் முடிவெட்ட ஆள் இல்லாத நேரங்களில் அவர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பார், நீ எதிர் பெஞ்சில் உட்கார்ந்து அவர் விரல்களைப் பார்த்தே கற்றுக்கொண்டாய். நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் பந்து உதைக்கப் போனவன். அப்படிப்பட்டவன் அந்தப் பெட்டியைப் பீரோ மேல் ஏற்றி வைத்து, மாதம் ஒரு தரம் இறக்கித் துடைத்து, மறுபடியும் ஏற்றி வைத்தேன். கட்டை ஊமையானதே என் லட்சணமான பராமரிப்பால்தான் என்று எனக்குள் ஒரு குற்ற உணர்ச்சி. ஆகவே நீ இருபதாம் தேதி வரும்போது சரிசெய்து உன் கையிலேயே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

இருபத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு ஒரு பெட்டி என்ன பிரமாதம் என்று நினைத்தேன். கூடத்து மேஜையில் பழைய துண்டை விரித்து, பெட்டியை மல்லாத்தி, ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தபோது உன் அண்ணி வந்து நின்றாள். "அது லிஃப்ட் இல்ல. உள்ள யாரும் மாட்டிக்கிட்டு இல்ல. அவசரப்படாம நிதானமாத் திறங்க" என்றாள். நிதானமாகத்தான் திறந்தேன். துருத்தியைச் சுற்றி இருந்த பதினாறு சிறு ஆணிகளைப் பிடுங்கி, தொலைந்துவிடக் கூடாதே என்று ஒரு டம்ளரில் போட்டு வைத்தேன். அந்த டம்ளரில் உன் அண்ணி காப்பியை ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். நல்லவேளை, நான் காப்பியை மெதுவாக உறிஞ்சிக் குடிக்கிறவன். உள்ளே பார்த்தால் ஒரே தூசி. கோளாறு தூசிதான் என்று தீர்ப்புச் சொல்லி, உன் அண்ணி தலை காயவைக்கும் மெஷினை எடுத்து, உச்ச வேகத்தில் வைத்து ஊதினேன். ஐந்தாவது நிமிஷம் மெழுகுவத்தி வாசனை வந்தது. பத்தாவது நிமிஷம் டக், டக், டக் என்று மூன்று பித்தளைத் தகடுகள் கழன்று துண்டில் விழுந்தன. சத்தம் எழுப்புகிற இந்த ரீடுத் தகடுகளை மரக்கட்டையில் மெழுகால்தான் ஒட்டியிருப்பார்கள் என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. "ஊமை ஒண்ணா இருந்துச்சு, இப்ப நாலா ஆக்கிட்டீங்க" என்றாள் உன் அண்ணி. அம்மா ஜன்னலோர நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த ஒரு வருஷமாக அவள் பேச்சு எப்படிக் குறைந்துவிட்டது என்று உனக்குத் தெரியுமே. "சாப்பிட்டாச்சு", "ஃபேனை நிறுத்து", இந்த இரண்டோடு அவள் நாள் முடிந்துவிடும்.

பதற்றத்தில் எல்லாவற்றையும் திரும்ப மூடி, துருத்தியை அழுத்தினேன். பெட்டி அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் முனகியது. அதைக் கேட்டு மாடி வீட்டுப் பல் டாக்டரம்மா இறங்கி வந்துவிட்டார். அவரும் ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. "யாருக்கு வலி?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தார். நான் பெட்டியைக் காட்டினேன். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததே, நோயாளியைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டதோ!

"முதல்ல படுத்தது எந்தக் கட்டை?"

காட்டினேன்.

"அதை அமுக்கிக்கிட்டு விரிங்க." விரித்தேன். சத்தம் வந்தது. "சுருக்குங்க." சுருக்கினேன். ஒன்றும் இல்லை.

"அப்போ காத்து போற வழியில குறை இல்ல. விரிக்க ஒரு நாக்கு, சுருக்க ஒரு நாக்குன்னு இருக்கணும். சுருக்குற நாக்குதான் ஊமை" என்று சொல்லிவிட்டு, மாடிக்குப் போய்த் தன் கருவிப் பெட்டியோடு வந்தார். மறுபடியும் திறந்து பார்த்தோம், அவர் சொன்னது சரி. ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு மெல்லிய நாக்குகள் இருந்தன. அவர் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டு, "நாப்பது வருஷம் நாக்கை ஒதுக்கிட்டுப் பல்லைப் பாத்தேன். இன்னிக்குத்தான் நாக்கையே பாக்குறேன்" என்றார். மற்ற நாக்குகளைச் சுற்றி நூல் போல வெளிச்சம் தெரிந்தது. அந்த ஒன்றில் மட்டும் ஓரிடத்தில் வெளிச்சம் அடைபட்டிருந்தது. மெல்லிய காகிதத்தை அடியில் நுழைத்து நாக்கைத் துளி தூக்கி, இடுக்கியால் எதையோ பிடித்து மெதுவாக இழுத்தார்.

முடி. சுண்டுவிரல் நீளம், கறுப்பு, கொஞ்சம் சுருட்டை.

நான் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்பா வெட்டிய எத்தனை ஆயிரம் தலைகளில் எந்தத் தலையோ? தபால்காரரா, நேர்முகத் தேர்வுக்கு ஓடிவந்த எவனாவதா? என் தலையாகவும் இருக்கலாம். எனக்கும் ஒரு காலத்தில் சுருட்டை இருந்தது, அதற்கு இன்று உயிரோடு இருக்கும் சாட்சிகளில் நீயும் ஒருத்தி. மாதத்தில் ஒரு நாள் மட்டும் என்னைப் பிடித்து இழுத்துப்போய் அந்த நாற்காலியில் பலகை போட்டு உட்காரவைப்பார். வெட்டி முடித்ததும் பிடரியில் பவுடர் தட்டி, குனிந்து ஃபூவென்று ஒரு ஊது ஊதுவார். கூச்சத்தில் நெளிவேன். இப்போது அந்த இடத்தில் காற்று பட்டது போல இருந்தது. உன் அண்ணியைக் கேட்டேன், ஃபேன் ஓடவில்லை என்றாள்.

டாக்டரம்மா பல் செட்டுக்கு அச்செடுக்கும் மெழுகை உருக்கி, விழுந்த மூன்று தகடுகளையும் அததன் இடத்தில் உட்காரவைத்தார். மூடினோம். ஒவ்வொரு கட்டையாக அமுக்கி விரித்தேன், சுருக்கினேன். அத்தனையும் பேசின, அந்தக் கட்டை கொஞ்சம் கூடுதலாகவே பேசியது. ஆகவே நீ வா, வந்து எடுத்துக்கொண்டு போ. அப்பா உனக்குத்தான் சொன்னார், கேட்ட காது மட்டும் என்னுடையது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள், மீசை வைத்தவனுக்கும் சேர்த்து. நீ தீர்க்காயுசாக, இப்படியே வாயாடியாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அண்ணன்.

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. கடிதத்தை மடித்து உறையில் போடப்போகும்போது அம்மா என்னைப் பார்த்து, "வாசி" என்றாள். எனக்கு என்ன தெரியும்? அப்பா கடையைச் சாத்தும்போது ஒரு பாட்டு வாசிப்பாரே, அதன் முதல் இரண்டு வரியை ஒற்றை விரலால் தட்டித் தடவி வாசித்தேன். துருத்தியைச் சுருக்கும் இடத்தில் சரிசெய்த கட்டை வந்தது, கணீரென்று பேசியது. அம்மா முகம் சுருங்கிவிட்டது.

"இது அவரு பெட்டி இல்ல."

"அதேதாம்மா."

"அந்த எடத்துல பெட்டி பேசாது. அவருதான் 'ஆ'ன்னு பாடுவாரு. முப்பது வருஷமும் அப்படித்தான்."

பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட உனக்கு இது தெரிந்திருக்கும். போன வருஷம் நான் "கெட்டுப்போச்சு" என்றபோது நீ வாய் திறக்கவே இல்லையே, கல்நெஞ்சக்காரி! மறுபடியும் பதினாறு ஆணிகளைப் பிடுங்கினேன். அந்த முடியை உன் அண்ணி பெருக்கித் தள்ளிவிட்டாள். அவள் தலையிலிருந்து ஒன்று கேட்டேன், தரமாட்டேன் என்றாள். என் தலையில் கேட்க ஆளில்லை. கையில் இருந்தது இந்தக் கடிதம்தான். மேல் மூலையை மெல்லிசாகக் கத்தரித்து நாக்குக்கு அடியில் சொருகி, மூடி, வாசித்தேன். அந்த இடம் வந்தது, பெட்டி வாயை மூடிக்கொண்டது, அம்மா "ஆ" என்று பாடினாள். சுதி கொஞ்சம் இறக்கம்தான். ஆனால் வர வேண்டிய இடத்தில் சரியாக வந்தது. முடிந்ததும் "இன்னொரு தரம்" என்றாள். ஏழு தரம் வாசித்திருக்கிறேன், விரல் வீங்கியிருக்கிறது.

பெட்டியை எடுத்துப்போக வராதே. முழுப் பாட்டும் தெரிந்தவள் நீதான், ஒரு மாதம் இங்கே தங்கி வாசிக்கிற மாதிரி வா. இந்தக் கடிதத்தில் தேதி இல்லையே என்று தேடாதே. அது அந்த மூலையில்தான் இருந்தது.